நர்சிங் படிக்கத் தனியார் பள்ளியா, சமூகக் கல்லூரியா? அமெரிக்கத் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான பிறகு, 36 வயதில், நியூ ஜெர்சியில் உள்ள ஒரு சமூகக் கல்லூரியில் நர்சிங் படித்து ஆர்.என். என்னும் பதிவுபெற்ற நர்ஸ் ஆனவள். சமூகக் கல்லூரி என்பது அரசு சார்ந்த இரண்டாண்டுக் கல்லூரி; அந்த மாநிலத்தில் அதைக் கவுண்டி (மாவட்ட) கல்லூரி என்பார்கள். இப்போது நான் வேலை செய்யும் வார்டுக்கு இரு வகைக் கல்லூரிகளிலிருந்தும் மாணவர்கள் பயிற்சிக்கு வருகிறார்கள். கோயிலிலும் தமிழ்ப் பள்ளி வாசலிலும் தொலைபேசியிலும் பலர் என்னிடம் கேட்ட கேள்விகளையும், நான் சொல்லிவரும் விடைகளையும் இங்கே எழுதுகிறேன். பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கியபின் தமக்கென ஒரு தொழிலைத் தேடும் பெண்களையும், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மகனையோ மகளையோ நர்சிங்கில் சேர்க்க நினைக்கும் பெற்றோரையும் மனத்தில் வைத்து இதை எழுதியிருக்கிறேன்.

சமூகக் கல்லூரியில் படித்தாலும் அதே ஆர்.என். உரிமம்தான் கிடைக்குமா?

ஆம், அதே உரிமம்தான். சமூகக் கல்லூரியில் ஏ.டி.என். என்னும் அசோசியேட் பட்டம் பெற்றவரும், நான்காண்டுக் கல்லூரியில் பி.எஸ்.என். என்னும் இளநிலைப் பட்டம் பெற்றவரும் எழுதுவது என்கிளெக்ஸ் ஆர்.என். என்ற ஒரே தேர்வைத்தான். கணினி நமது விடைகளைப் பார்த்து அடுத்த கேள்வியின் கடினத்தைத் தீர்மானிக்கும் அந்தத் தேர்வில் 85 முதல் 150 கேள்விகள் வரை வரும். ஐந்து மணி நேரம் தருவார்கள். தேறியபின் மாநில நர்சிங் வாரியம் தரும் உரிமத்தில் எந்தக் கல்லூரி, எத்தனை ஆண்டுப் படிப்பு என்ற குறிப்பு இருக்காது.

இரண்டாண்டு நர்சிங் என்பது மாற்றுக் குறைந்த படிப்பு என்ற எண்ணம் நம்மவர்களிடம் ஆழமாக இருப்பதால் ஒன்றைச் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் நர்ஸ்களுக்குக் கடும் பற்றாக்குறை இருந்த காலத்தில், மில்ட்ரெட் மான்டாக் என்ற நர்சிங் பேராசிரியர், மருத்துவமனைகளே நடத்திவந்த மூன்றாண்டுப் பயிற்சியை இரண்டாண்டுக் கல்லூரிப் படிப்பாக மாற்ற முடியும் என்று வாதிட்டு, 1952 இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரி வழியாகச் சில கல்லூரிகளில் அதைச் சோதித்துக் காட்டினார். இன்று நாடு முழுவதும் உள்ள ஏ.டி.என். படிப்புகள் அந்தச் சோதனையிலிருந்து வளர்ந்தவை. யாரோ அவசரத்துக்குக் குறுக்கிவைத்த படிப்பு என்று அதை நினைக்க வேண்டாம்.

செலவில் உண்மையிலேயே அவ்வளவு வேறுபாடு உண்டா?

உண்டு. அந்தந்த மாவட்டத்தில் குடியிருப்பவர்களுக்குச் சமூகக் கல்லூரியின் கல்விக் கட்டணம், நாட்டின் சராசரியாகப் பார்த்தால், ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 டாலர். கலிபோர்னியாவில் பாட அளவைக் குறிக்கும் யூனிட் ஒன்றுக்கு 46 டாலர்தான். 70 யூனிட் எடுத்தாலும் 3,220 டாலரில் கட்டணம் முடிந்துவிடும். சீருடை, ஸ்டெதாஸ்கோப், புத்தகங்கள், தடுப்பூசிகள், பின்னணிச் சோதனை, உரிமத் தேர்வுக்கான 200 டாலர் கட்டணம் ஆகியவற்றைத் தனியே சேர்த்துக்கொள்ளுங்கள். தனியார் நர்சிங் பள்ளிகளிலோ முழுப் படிப்புக்கும் 80,000 டாலர், ஒரு லட்சம் டாலர் என்று கேட்பது இன்று வியப்பான செய்தியாக இல்லை.

ஆனால் விலைப்பட்டியலில் உள்ள தொகையை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். லாப நோக்கமில்லாத சில தனியார் கல்லூரிகள், குறிப்பாக நல்ல மதிப்பெண் பெற்ற பிள்ளைகளுக்கு, தாங்களே பெருந்தொகையை உதவியாகக் கழித்துக்கொடுக்கும். உதவி போக நாம் கட்ட வேண்டியது எவ்வளவு என்று எழுத்தில் வாங்கிய பிறகே இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அந்தக் கடிதத்தில் கடனையும் "உதவி" என்ற தலைப்பின் கீழேயே போட்டிருப்பார்கள். திருப்பிக் கட்ட வேண்டியதையெல்லாம் பேனாவால் அடித்துவிட்டு மிஞ்சுவதைக் கூட்டுங்கள்.

சமூகக் கல்லூரியில் இடத்துக்குக் காத்திருக்க வேண்டும் என்கிறார்களே? காத்திருக்கும் காலத்துச் சம்பளம் போய்விடாதா?

தனியார் பள்ளிகளின் சேர்க்கை அலுவலர்கள் முன்வைக்கும் வலுவான வாதம் இதுதான். இதில் உண்மையும் இருக்கிறது. எனக்கே ஒரு பள்ளியிலிருந்து ஒரே நாளில் மூன்று முறை அழைத்தார்கள். மூன்றாவது அழைப்பு வந்தபோது அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. "நீங்கள் காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் ஒரு நர்ஸின் மாதச் சம்பளத்தை இழக்கிறீர்கள், இன்றே முன்பணம் கட்டினால் அடுத்த மாதமே வகுப்பு" என்றார் அந்தப் பெண். அன்று இரவு கணவரும் நானும் சாப்பாட்டு மேசையில் ஒரு கணக்குப் போட்டோம். அதை இன்றைய தொகைகளில் தருகிறேன்.

இரண்டு படிப்புகளுக்கும் இடையே 80,000 டாலர் வேறுபாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை 8 விழுக்காடு வட்டியில் பத்தாண்டுக் கடனாக வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 970 டாலர் வரும். பத்தாண்டில் கட்டி முடிக்கும்போது 1,16,000 டாலருக்கு மேல் போயிருக்கும். மறுபக்கம், தொழிலுக்கு ஓராண்டு தாமதமாக வந்தால் இழப்பது ஓராண்டுச் சம்பளம். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறையின் கணக்கில், 2024 மே மாதத்தில் ஆர்.என். ஒருவரின் இடைநிலை ஆண்டுச் சம்பளம் 93,600 டாலர். புதியவருக்கு அதைவிடக் குறைவாகவே கிடைக்கும் என்பதால் 80,000 என்று கொள்வோம். வரி போகக் கைக்கு வருவது 60,000 அளவில் இருக்கும். ஆக, ஓராண்டுக் காத்திருப்பு என்றால் சமூகக் கல்லூரியே தெளிவாக லாபம். காத்திருப்பு இரண்டாண்டைத் தொடும்போது இரண்டும் ஏறக்குறைய சமமாகிவிடுகின்றன. அதற்கு மேலும் நீளும் என்றால் தனியார் பள்ளியின் வாதத்தைக் காது கொடுத்துக் கேட்கத்தான் வேண்டும்.

இந்தக் கணக்கில் அவர்கள் சொல்லாமல் விடுவது இரண்டு உண்டு. காத்திருக்கும் காலத்தில் நாம் சும்மா இருக்கப் போவதில்லை: நுழைவுக்கு முந்தைய பாடங்களை முடிக்கலாம், வேலை அனுமதி இருந்தால் நர்ஸ் உதவியாளராகச் சான்று பெற்று மருத்துவமனையிலேயே வேலை பார்க்கலாம். அடுத்தது, தனியார் பள்ளியில் சேர்ந்தவர்கள் அனைவரும் படிப்பை முடிப்பதில்லை என்பது. பாதியில் நின்றவருக்குச் சம்பளம் வராது, கடன் மட்டும் வரும்.

"இரண்டாண்டுப் படிப்பு" இரண்டாண்டில் முடியுமா?

பெரும்பாலும் முடியாது. உடற்கூறியலும் உடலியங்கியலும் இரண்டு பருவங்கள், நுண்ணுயிரியல், உளவியல், ஆங்கிலக் கட்டுரை, பல இடங்களில் புள்ளியியல் என்று முதலில் முடிக்க வேண்டிய பாடங்களே ஓராண்டு பிடிக்கும். அதன் பிறகுதான் நான்கு பருவ நர்சிங். மூன்றாண்டு என்று மனத்தில் வைத்துக்கொண்டு வீட்டைத் திட்டமிடுங்கள்.

சேர்க்கை முறை கல்லூரிக்குக் கல்லூரி மாறும். சில கல்லூரிகள் அறிவியல் பாட மதிப்பெண்ணையும் டீஸ் என்ற நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணையும் சேர்த்துத் தரவரிசை போடும்; சில குலுக்கல் முறையில் எடுக்கும்; சில வரிசைப்படி காத்திருக்கச் சொல்லும். தரவரிசைக் கல்லூரி என்றால் உடலியங்கியலில் "பி" வாங்குவதும் "ஏ" வாங்குவதும் ஓராண்டு முன்பின்னாகச் சேரும் அளவுக்குக் கனமானவை. ஒரு பருவத்தில் இரண்டு அறிவியல் பாடங்களை எடுத்துத் திணறுவதைவிட ஒன்றை எடுத்து நன்றாகச் செய்வதே நல்லது என்பேன். அக்கம்பக்கத்து மாவட்டக் கல்லூரிகளிலும் விண்ணப்பம் போடுங்கள். கட்டணம் சற்றுக் கூடினாலும் தனியார் பள்ளியின் பக்கத்தில்கூட வராது.

இந்தியாவில் பொறியியலோ பி.எஸ்சி.யோ படித்திருக்கிறேன். அது உதவுமா, தடையா?

இரண்டும்தான். உங்கள் மதிப்பெண் பட்டியலை அமெரிக்க மதிப்பீட்டு நிறுவனம் ஒன்றின் வழியாகச் சரிபார்த்துத் தந்தால் கணிதம், உளவியல் போன்ற பொதுப் பாடங்களில் சில கழியக்கூடும். ஆனால் உடலியங்கியலும் நுண்ணுயிரியலும் கடந்த ஐந்து அல்லது ஏழு ஆண்டுக்குள் படித்தவையாக இருக்க வேண்டும் என்று பல கல்லூரிகள் கேட்கும். இருபது ஆண்டுக்கு முன் திருச்சியில் படித்த விலங்கியலை அங்கே காட்ட முடியாது.

தடை என்றது பணத்தில். கூட்டரசு தரும் பெல் மானியம் திருப்பிக் கட்ட வேண்டாத பணம். ஆண்டுக்கு அதிகபட்சம் 7,395 டாலர். ஏற்கனவே இளநிலைப் பட்டம் பெற்றவருக்கு அது கிடைக்காது, அந்தப் பட்டம் இந்தியாவில் பெற்றதாக இருந்தாலும் சரி. கூட்டரசு உதவிக்கு விண்ணப்பிக்கும் ஃபாஃப்சா படிவத்தை நிரப்பும்போது பட்டத்தை மறைக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அது கூட்டரசிடம் பொய் சொல்வது; பின்னால் உரிமத்துக்கும் குடியுரிமைக்கும் விண்ணப்பிக்கும்போது நம்மைத் துரத்தும். மானியம் இல்லாத நிலையில் சமூகக் கல்லூரிக் கட்டணத்தைக் கையிலிருந்தே கட்டிவிட முடியும்; தனியார் பள்ளியின் கட்டணத்தை அப்படிக் கட்ட முடியாது.

பட்டதாரிகளுக்கென 12 முதல் 18 மாதங்களில் முடியும் விரைவு பி.எஸ்.என். படிப்பும் உண்டு. வாரம் முழுவதையும் விழுங்கும் படிப்பு அது. வேலை பார்த்துக்கொண்டு படிக்க முடியாது. வீட்டில் சமையலையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ள அம்மாவோ மாமியாரோ வந்து இருக்க முடியும் என்றால், மாநிலப் பல்கலைக்கழகத்தில் அப்படி ஓர் இடம் கிடைத்தால், நானே அதை முதலாகச் சொல்வேன்.

இந்தியாவிலேயே நர்சிங் முடித்தவர் இங்கே மறுபடி படிக்க வேண்டுமா?

முதலிலிருந்து படிக்க வேண்டாம். உங்கள் ஜி.என்.எம். அல்லது பி.எஸ்சி. நர்சிங் சான்றுகளை முன்பு சி.ஜி.எஃப்.என்.எஸ். எனப்பட்ட ட்ரூமெரிட் போன்ற அமைப்பு வழியாக மதிப்பிடச் செய்து, மாநில வாரியத்தின் அனுமதியோடு என்கிளெக்ஸ் எழுதலாம். ஏதேனும் ஒரு பாடத்தில் பயிற்சி நேரம் போதவில்லை என்று வாரியம் சொன்னால், அந்தப் பாடத்தை மட்டும் நிறைவு செய்ய வழி கேளுங்கள். இவ்வளவு இருக்க, தனியார் பள்ளியில் முழுக் கட்டணம் கட்டி மறுபடி முதலாம் பருவத்தில் உட்கார்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். சேர்க்கை மேசையில் யாரும் அவர்களுக்கு இதைச் சொல்லவில்லை.

எச்4 விசாவில் (எச்1பி விசா ஊழியரின் குடும்பத்தினருக்கான விசா) இருக்கிறேன். படிக்கலாமா?

படிக்கலாம். ஆனால் கூட்டரசுக் கடனோ மானியமோ கிடைக்காது. அவை குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் வேறு சில வகையினருக்கும் மட்டுமே. முடித்த பிறகு வேலை பார்க்க வேலை அனுமதி அட்டை வேண்டும். 2015 முதல், கணவர் அல்லது மனைவியின் கிரீன் கார்டு மனு குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டியிருந்தால் அது கிடைக்கிறது. அட்டை கைக்கு வராத நிலையில் ஒரு லட்சம் டாலர் தனியார் வங்கிக் கடனில் நர்சிங் படிக்கும்படி நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். மாநிலக் குடியிருப்பாளர் கட்டணம் எச்4 இல் உள்ளவருக்குக் கிடைக்குமா என்பது மாநிலத்தைப் பொறுத்தது. கல்லூரிப் பதிவாளர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

தனியார் பள்ளி ஒன்று பிடித்திருக்கிறது. எதைச் சோதிக்க வேண்டும்?

முதலில் மாநில நர்சிங் வாரியத்தின் இணையதளத்துக்குப் போய் அந்தப் பள்ளிக்கு முழு ஒப்புதல் இருக்கிறதா, நிபந்தனையோடு கூடிய ஒப்புதலா என்று பாருங்கள். அங்கேயே என்கிளெக்ஸில் முதல் முயற்சியில் தேறியவர்களின் விழுக்காடும் இருக்கும். ஓர் ஆண்டின் எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம்: நாடு முழுவதும் அமெரிக்காவில் படித்தவர்களின் முதல் முயற்சித் தேர்ச்சி 2022 இல் 80 விழுக்காட்டை ஒட்டி இருந்தது, 2023 ஏப்ரலில் தேர்வின் வடிவம் மாறிய பிறகு அந்த ஆண்டு 88 ஐத் தாண்டியது. ஆகவே அதே ஆண்டின் மாநிலச் சராசரியோடு ஒப்பிட்டு, நான்கைந்து ஆண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள். சேர்ந்தவர்களில் எத்தனை பேர் உரிய காலத்தில் முடித்தார்கள் என்பதையும் கேளுங்கள். தேற மாட்டார் என்று தோன்றுபவர்களைத் தேர்வுக்கு முன்பே வெளியேற்றிவிட்டுத் தேர்ச்சி விழுக்காட்டை உயர்த்திக் காட்ட முடியும். அந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

அடுத்து, நர்சிங் படிப்புக்கென்றே உள்ள தர அங்கீகாரம். ஏ.சி.இ.என்., சி.சி.என்.இ., என்.எல்.என். சி.என்.இ.ஏ. ஆகிய மூன்று அமைப்புகளில் ஒன்றின் அங்கீகாரம் இருக்க வேண்டும். அது இல்லாத இடத்தில் படித்தால் உரிமம் கிடைத்தாலும், பின்னால் பி.எஸ்.என்.னுக்கோ முதுநிலைக்கோ போகும்போது பல பல்கலைக்கழகங்கள் அந்தக் கிரெடிட்டுகளை ஏற்காது. "எங்கள் கிரெடிட் எல்லா இடத்திலும் செல்லும்" என்று சேர்க்கை அலுவலர் சொன்னால், நீங்கள் போக நினைக்கும் பல்கலைக்கழகத்தை நேரே அழைத்துக் கேளுங்கள்.

இவ்வளவு எச்சரிக்கை வேண்டுமா என்று தோன்றலாம். லாபத்துக்காக நடந்த கொரிந்தியன் கல்லூரிகள் 2015 ஏப்ரலிலும், நர்சிங் பிரிவும் வைத்திருந்த ஐ.டி.டி. டெக் 2016 செப்டம்பரிலும் திடீரென மூடப்பட்டபோது ஆயிரக்கணக்கான மாணவர்கள் பாதிப் படிப்போடு நின்றார்கள். 2023 ஜனவரியில் "ஆபரேஷன் நைட்டிங்கேல்" என்ற விசாரணையில், புளோரிடாவில் மூன்று நர்சிங் பள்ளிகள் வழியாக 7,600 க்கும் மேற்பட்ட போலிச் சான்றுகள் விற்கப்பட்டது வெளிவந்தது. பயிற்சி நேரத்தையே கேட்காமல் சில மாதங்களில் சான்று தருவதாகச் சொல்லும் இடத்தைப் பார்த்தால் அப்பக்கம் திரும்பவே வேண்டாம்.

தனியார் பள்ளியில் பயிற்சி மேலாக இருக்காதா?

சில பள்ளிகளில் செயற்கை நோயாளிப் பொம்மைகளும் ஆய்வுக்கூடமும் பளபளவென்று இருக்கும். சுற்றிக் காட்டும்போது அதைத்தான் முதலில் காட்டுவார்கள். ஆனால் நர்சிங் கற்பது வார்டில். நான் படித்தபோது விடியற்காலை 6.45 க்குள் நான்காம் மாடியில் இருக்க வேண்டும். ஐந்து மணிக்கே எழுந்து, பிள்ளைகளின் டிபன் டப்பாவைக் கட்டி வைத்துவிட்டுக் கிளம்புவேன். அதே மாடியில் எதிர்ப்பக்க அறைகளில் ஒரு தனியார் கல்லூரி மாணவிகள் பயிற்சி எடுத்தார்கள். எங்கள் சீருடை அடர்நீலம், அவர்களுடையது வெள்ளையும் பச்சையும். இன்சுலின் ஊசியில் எத்தனை யூனிட் ஏற்றியிருக்கிறோம் என்று இன்னொருவரிடம் காட்டிச் சரிபார்க்கும் இடத்தில் நாங்களும் அவர்களும் ஒரே மருந்து வண்டியின் முன் நின்றோம். ஊசியை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிக்கும்போது கை நடுங்கியது இரு பக்கத்திலும்தான்.

ஆகவே பள்ளியிடம் கேட்க வேண்டியது பயிற்சி எந்தெந்த மருத்துவமனைகளில், ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர்கள், மகப்பேறும் குழந்தை மருத்துவமும் உண்மையான வார்டிலா அல்லது பொம்மையிலா என்பவையே. பெரிய மருத்துவமனையோடு ஒப்பந்தம் உள்ள கவுண்டி கல்லூரி பல தனியார் பள்ளிகளைவிட இதில் மேலாக இருக்கும்.

மருத்துவமனைகள் பி.எஸ்.என். கேட்கின்றன. அப்படியானால் ஏ.டி.என். வீண்தானே?

வீண் ஆகாது; ஆனால் அங்கேயே நிற்கவும் கூடாது. 2010 இல் அமெரிக்க மருத்துவ நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, 2020 க்குள் நர்ஸ்களில் 80 விழுக்காட்டினர் பி.எஸ்.என். பெற்றிருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதன் பிறகு பெரிய நகரங்களின் போதனா மருத்துவமனைகள் பல பி.எஸ்.என். உள்ளவரையே முதலில் எடுக்கின்றன. நியூயார்க் மாநிலம் 2017 டிசம்பரில் ஒரு சட்டமே கொண்டுவந்தது. அங்கே புதிதாக ஆர்.என். ஆகிறவர் பத்தாண்டுக்குள் பி.எஸ்.என். பெற வேண்டும். ராணுவத்தில் நர்ஸ் அதிகாரியாக வேண்டுமானாலும் பி.எஸ்.என். தேவை.

இதற்கு நான் வந்த வழி பலருக்கும் பொருந்தும்: ஏ.டி.என். முடித்து உரிமம் பெற்று, ஏ.டி.என். உள்ளவரை எடுக்கும் மருத்துவமனையில் சேர்ந்து, வேலை பார்த்துக்கொண்டே இணையவழியில் பி.எஸ்.என். நிறைவு செய்வது. பல மருத்துவமனைகள் அதற்குக் கட்டணம் தருகின்றன; ஆண்டுக்கு 5,250 டாலர் வரை முதலாளி தரும் கல்வி உதவிக்கு வருமான வரி கிடையாது. உங்கள் பகுதியில் ஏ.டி.என். உள்ளவரை யாருமே எடுப்பதில்லை என்றால் கணக்கு மாறும். சேரும் முன்பே சுற்றுவட்டார மருத்துவமனைகளின் வேலை விளம்பரங்களைப் படியுங்கள், "பி.எஸ்.என். விரும்பப்படும்" என்பதும் "பி.எஸ்.என். கட்டாயம்" என்பதும் வேறு வேறு.

தனியார் பள்ளி எப்போது சரியான முடிவு?

பள்ளியே தரும் உதவியால் விலை மாநிலப் பல்கலைக்கழகத்தின் அளவுக்கு இறங்கும்போது; சமூகக் கல்லூரியில் இரண்டாண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டி, பக்கத்து மாவட்டங்களிலும் வழி இல்லாதபோது; பள்ளி லாப நோக்கமற்றதாகவும் மேலே சொன்ன சோதனைகளில் தேறுவதாகவும் இருக்கும்போது. கூட்டரசுக் கடன் வரம்புக்குள் படிப்பு முடிய வேண்டும் என்பதையும் நான் சேர்த்துச் சொல்வேன். பெற்றோரைச் சார்ந்துள்ள மாணவருக்கு இளநிலைப் படிப்புக்கு மொத்தம் 31,000 டாலர்தான் அந்த வரம்பு. அதற்கு மேல் போகும்போது தந்தையோ தாயோ தம் பெயரில் கடன் வாங்க வேண்டியிருக்கும். 2026 ஜூலை 1 முதல் அந்தப் பெற்றோர் கடனுக்கும் ஆண்டுக்கு 20,000 டாலர், ஒரு பிள்ளைக்கு மொத்தம் 65,000 டாலர் என்று உச்சவரம்பு வருகிறது. ஐம்பது வயதில் வாங்கும் கடனை ஓய்வுக் காலம் வரை சுமக்க வேண்டியிருக்கும் என்பதைப் பிள்ளையிடமும் மறைக்காமல் பேசுங்கள்.

கடன் வாங்கிவிட்டால் தள்ளுபடி கிடைக்குமா?

கூட்டரசுக் கடனுக்கு வழிகள் உண்டு. அரசு அல்லது லாப நோக்கமற்ற மருத்துவமனையில் முழுநேரம் வேலை பார்த்தபடி 120 மாதத் தவணைகளை உரிய திட்டத்தின்கீழ் கட்டினால் மீதி தள்ளுபடியாகும். நர்ஸ் கோர் திட்டத்தில், பற்றாக்குறை உள்ள இடத்தில் இரண்டாண்டு பணிபுரியத் தேர்வானவர்களின் நர்சிங் கல்விக் கடனில் 60 விழுக்காட்டைக் கட்டுகிறார்கள். தனியார் வங்கிக் கடனுக்குப் பத்தாண்டுச் சேவைத் தள்ளுபடி பொருந்தாது.

தனியார் பள்ளியில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இப்போது விலகலாமா?

விலகலாம், ஆனால் நாளைக் கணக்கிட்டுச் செய்யுங்கள். ஒப்பந்தத்தில் ரத்து செய்யும் காலக்கெடு இருக்கும். வகுப்பு தொடங்கும் முன் அல்லது முதல் சில நாட்களுக்குள் விலகினால் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கலாம். வகுப்பு தொடங்கியபின் விலகினால், பருவத்தின் 60 விழுக்காடு நாட்கள் கடக்கும்வரை, பயன்படுத்தாத கூட்டரசு உதவி விகிதப்படி திரும்பிப் போகும். ஆனால் பள்ளி தன் கட்டணத்தைக் குறைக்காமல் அந்த இடைவெளியை உங்களிடம் கேட்கக்கூடும். ஆகவே பள்ளியின் திருப்பித்தரும் விதியையும் சேர்த்துப் படியுங்கள். விலகலை வாய்மொழியாகச் சொல்லாமல் மின்னஞ்சலில் தேதியோடு அனுப்பி, அவர்கள் பெற்றுக்கொண்டதற்கு விடை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முடித்த பாடங்களின் மதிப்பெண் சான்றையும் அன்றே கேட்டுவிடுங்கள். உடலியங்கியலோ நுண்ணுயிரியலோ முடித்திருந்தால் அது கவுண்டி கல்லூரியில் ஏற்கப்படுமா என்று விலகுவதற்கு முன்பே பதிவாளரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.